மாடி பஸ்ஸுக்குப் பெரிய ற

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பேச்சும் அப்படித்தான். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காமல் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நிற்பேன். தாளில் எழுதும்போது எதிரில் யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் தைரியம். ஞாபகமும் முன்போல இல்லை. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றில் போய் நிற்பேன். பழகிய மனுஷிதானே என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பிரான்சிலிருந்து வந்த ஒருவரிடம் என் தங்கை மல்லிகா ஒரு பார்சல் கொடுத்தனுப்பியிருந்தாள். சாக்லேட், முட்டிவலித் தைலம், அவற்றுக்கு அடியில் சுருட்டி வைத்த ஒரு கறுப்புத் துணி. விரித்தால் மூன்று முழம் இருக்கிறது. அதில் வெள்ளை வெள்ளையாக இங்கிலீஷ் எழுத்துகள், ஒரு வரிக்குக் கீழே இன்னொரு வரி. கோரிமேட்டில் எங்கள் எதிர்வீட்டில் இருக்கிற நர்ஸம்மாவிடம் காட்டினேன். எல்லாம் லண்டனில் இருக்கிற இடங்களின் பெயர்கள் என்றார். பஸ்ஸின் நெற்றியில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்குமே, அதற்குள் சுருளாக இருந்து எந்த ஊர் போகிறது என்று சொல்லுகிற துணியாம் அது. கைப்பிடியைச் சுற்றினால் அடுத்த ஊர் வரும்.

என் மருமகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இஸ்திரி மேசைக்கு விரிக்கலாம், நல்ல கெட்டித் துணி என்றாள். நான் அதை முகர்ந்து பார்த்தேன். பழைய குடையின் உள்பக்க வாசனை.

குடை வாசனை வந்ததும் எங்கள் டீச்சர் வந்து நின்றுவிட்டார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்து வகுப்புக்கும் அவர் ஒருவர்தான். வெயிலானாலும் மழையானாலும் கையில் கறுப்புக் குடை. அடிக்க மாட்டார். குடையின் வளைந்த பிடியை நம் கழுத்தில் மாட்டித் தன் பக்கம் இழுப்பார், அவ்வளவுதான். ஊரின் பெயரை இப்போதைக்கு எழுதாமல் தாண்டிப் போகிறேன். அதில் ஒரு வம்பு இருக்கிறது, அப்புறம் சொல்கிறேன்.

தமிழில் இரண்டு ர இருப்பது உங்களுக்குத் தெரியும். எங்கள் வகுப்பில் ஒன்றைச் சின்ன ர என்போம், மற்றதைப் பெரிய ற என்போம். எங்கள் வீட்டுப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சத்தம்தான். எதற்கு எதைப் போடுவது என்று குழம்பி, நானே ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். பெரிய சாமானுக்குப் பெரிய ற, சின்ன சாமானுக்குச் சின்ன ர. ஆறு பெரியது, பாறை பெரியது, கிணறு பெரியது. கீரை சின்னது, அரிசி சின்னது. சட்டம் அழகாக நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் டீச்சர் கரும்பலகையில் எறும்பு என்று எழுதினார். பெரிய ற. அடுத்த வரியில் மரம். சின்ன ர. எனக்குப் பொறுக்கவில்லை. வகுப்பில் வாயே திறக்காத நான் அன்றைக்கு எழுந்து நின்றுவிட்டேன்.

“எறும்பு பெருசா டீச்சர், மரம் பெருசா?”

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். அது வல்லினம், இது இடையினம் என்று ஏதோ சொன்னார். எனக்கு எந்த இனமும் புரியவில்லை. உட்காரு, நாளைக்குத் தனியாகச் சொல்லித் தருகிறேன் என்றார்.

அந்த நாளைக்கு வரவே இல்லை. அன்று சாயங்காலம் மல்லிகா பிறந்தாள்.

அம்மாவும் அப்பாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருந்த ஒரே ஆள் நான்தான். ஆகவே ஐந்தாவதை நான் முடிக்கவில்லை என்பதுதான் நிஜம். மரியாதைக்கு ஐந்தாவது என்று சொல்லிக்கொள்கிறேன். சிலேட்டைப் பரணில் போட்டுவிட்டு மல்லிகாவை இடுப்பில் தூக்கினேன். நடக்க வந்த பிறகும் அவள் கீழே இறங்க மாட்டாள். மகாராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு, அந்தப் பக்கம் போ, இந்தப் பக்கம் போ என்று விரலை நீட்டுவாள். என் இடது இடுப்பு இன்றைக்கும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். பாவாடைக்கு அளவெடுக்கிற டெய்லரம்மா ஏன் என்று கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவேன்.

மல்லிகா வளர்ந்து எட்டாவது வரை படித்தாள். நான் கல்யாணமாகித் தட்டாஞ்சாவடியில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சோப்புக்குக் காகிதம் சுற்றுகிற வேலை. நாள் முழுக்கக் கண் முன்னால் எழுத்துதான். ஆனால் படிக்க வேண்டியதில்லை, மடித்து ஒட்டினால் போதும். தலைகீழாக ஒட்டினால் மட்டும் சூப்பர்வைசர் திட்டுவார். இரண்டு தடவை திட்டு வாங்கியிருக்கிறேன்.

மல்லிகாவுக்கு வந்த வரன் சொல்தா வீட்டு வரன். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்போம். மாமனாரும் சொல்தா, மாப்பிள்ளையும் சொல்தா, வீட்டில் எல்லோருக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முன்னால் போய்விட்டார். பேப்பர்கள் வந்த பிறகு மல்லிகா தனியாகப் போக வேண்டும். விமானம் மெட்ராஸிலிருந்து.

மறுநாள் கடல் தாண்டப் போகிறவளுக்கு என்ன ஆசை என்கிறீர்கள்? மாடி பஸ்ஸில் ஏற வேண்டுமாம். புதுச்சேரியில் ஏது மாடி பஸ்? மெட்ராஸில் நாங்கள் தங்கியிருந்த சொந்தக்காரர் வீட்டில் சொல்லிக்கொண்டு இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். நான் அக்காவாயிற்றே, பொறுப்பாக ஊர்ப் பெயரைப் படிக்கலாம் என்று நின்றேன். எழுத்துக் கூட்டி இரண்டாவது எழுத்துக்குப் போவதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் அப்படியே. “நீ படிச்சி முடிக்கறதுக்குள்ள எனக்கு பிளேன் போயிடும்க்கா” என்று மூன்றாவது பஸ்ஸில் என்னைக் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டாள்.

ஒரு கையில் புடவைக் கொசுவம், ஒரு கையில் கம்பி. ஓடுகிற பஸ்ஸில் அந்த வளைந்த படியில் எப்படியோ ஏறினேன். மேலே முன்வரிசை காலியாக இருந்தது. வெயிலில் காய்ந்த ரெக்ஸின் சீட்டு தொடையைச் சுட்டது. டீசல் வாசனை, யாரோ வைத்திருந்த கனகாம்பரத்தோடு கட்டிய மருக்கொழுந்து வாசனை. ரோட்டோர மரக்கிளைகள் நேராக முகத்துக்கு வந்து கண்ணாடியில் அடித்தன. ஒவ்வொரு கிளைக்கும் நான் குனிந்தேன். பின்னால் இருந்தவர், கண்ணாடி இருக்குதும்மா, ஒண்ணும் ஆகாது என்றார். அடுத்த கிளைக்கும் குனிந்தேன். கண்டக்டர் வந்து எங்கே போகணும் என்று கேட்டதற்கு மல்லிகா கொஞ்சமும் கூசாமல், இது எங்க போவுதோ அங்க ரெண்டு என்றாள்.

பாதி வழியில் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, பயமா இருக்குதுக்கா என்றாள்.

“கீழ எறங்கிடலாமா?” என்று கேட்டேன்.

மாடியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். மறுநாள் மீனம்பாக்கத்தில் அவள் உள்ளே போகிற வழியில் திரும்பிப் பார்த்தபோதுதான் எதைச் சொன்னாள் என்று புரிந்தது. எனக்கு எல்லாமே ஒரு நாள் பிந்தித்தான் புரியும்.

அதற்கப்புறம் கடிதம்தான். உறைமேல் பிரெஞ்சு விலாசத்தைத் தெரிந்தவர் யாராவது எழுதிக் கொடுப்பார்கள். உள்ளே இருப்பதெல்லாம் என் கை. நான் எங்கே இருந்தாலும் தாளின் தலையில் எங்கள் பிறந்த ஊர்ப் பெயரையும் கிழமையையும் போட்டு ஆரம்பிப்பேன், அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பல வருஷம் எழுதினேன். அங்க வாக்கா, ரெண்டு பேரும் மாடி பஸ்ஸுல முன்னாடி உக்காரலாம் என்று அவள் எழுதுவாள். அதற்கு எத்தனை காகிதம் பூர்த்தி செய்ய வேண்டும் என்று கேட்டதுமே எனக்குப் போகிற ஆசை போய்விடும். பிறகு போன் வந்தது, கடிதம் நின்றது.

இப்போது பஸ்ஸுக்கு வருகிறேன். மல்லிகாவுக்கு ஒரே மகள், சில்வி. அங்கேயே பிறந்தவள். நம்ம ஊர்ப் பேச்சு நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, லண்டனில் ஓடி ஓய்ந்த ஒரு சிவப்பு மாடி பஸ்ஸை வாங்கிவிட்டாள். பஸ் கப்பலில் ஏறிக் கடல் தாண்டி வந்ததாம். கீழ்த்தட்டில் அடுப்பு, மேல்தட்டில் மேசை நாற்காலி, இட்லி தோசைக் கடை. நான் நம்பவில்லை. இதுபோல எத்தனை இருக்கிறது பாருங்கள் பெரியம்மா என்று படம் படமாக அனுப்பினாள். ஒரு ஊரில் பழைய மாடி பஸ் புத்தகம் படிக்கிற இடமாக இருக்கிறது. ஒன்றில் கட்டில் போட்டு வாடகைக்கு விடுகிறார்கள். ஒன்றில் பூக்கடை. ரிட்டையர் ஆன பஸ்ஸுக்கு அங்கே அத்தனை கிராக்கி. ரிட்டையர் ஆன மனுஷனுக்கும் அப்படித்தான் போலிருக்கிறது. என் தங்கை வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்தபின் ஒரு பள்ளிக்கூடத்தில் கேட் திறந்து மூடினார். அதிலிருந்தும் ரிட்டையர் ஆகி, இப்போது மகளின் பஸ்ஸில் வெங்காயம் உரிக்கிறார்.

பஸ்ஸை நிறுத்த அந்த ஊர் மேரியில் அனுமதி வாங்க வேண்டியிருந்ததாம். மேரி என்றால் நகராட்சி. நம்ம கடற்கரையிலும் ஒரு மேரி இருக்கிறதே என்று எனக்குத் தெரிந்த ஒரே பிரெஞ்சு விஷயத்தைச் சொல்லிக்கொண்டேன். அங்கே வண்டிகளுக்கு வாசல் வலது பக்கம். லண்டன் பஸ்ஸுக்கு நம்ம ஊர்போல இடது பக்கம். வருகிறவர்கள் எல்லாம் பின்பக்கமாகச் சுற்றி வந்து வாசலைத் தேடுவார்களாம். மல்லிகா மட்டும் நேராகப் போய் ஏறிவிடுவாளாம். இத்தனை வருஷத்துல இப்பதாங்க்கா பஸ்ஸு சரியான பக்கம் நிக்குது என்றாள். ஏறுவது கீழ்த்தட்டில் மட்டும். முட்டி இரண்டும் போய்விட்டதால் மாடிப்படி அவளுக்கு இல்லை.

கண்ணாடிப் பெட்டியில் நம்ம பக்கத்து ஊர்ப் பெயர்கள் வேண்டும், அதுவும் பெரியம்மா கையெழுத்தில்தான் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார்கள் என்றாள் சில்வி. எனக்கு வேர்த்துவிட்டது. மூன்று நாள் சாக்குச் சொன்னேன். பிறகு காலண்டர் தாளின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். புதுச்சேரி, கோரிமேடு, தட்டாஞ்சாவடி. கடைசியாக எங்கள் பிறந்த ஊர்.

அதைத்தான் சொல்ல வருகிறேன். எங்கள் ஊர் பெரிய ஊர். என் சட்டப்படி பெரியதற்குப் பெரிய ற. போதாததற்கு, ஏறப் போவது இரண்டு தட்டு பஸ்ஸின் நெற்றியில். சின்ன எழுத்துப் போட்டால் எடுபடுமா? அறியாங்குப்பம் என்று நன்றாக வால் இழுத்து எழுதினேன். மருமகள் அதைப் போனில் படம் பிடித்து அனுப்பினாள். அவள் இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள், அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அங்கே அதை அப்படியே பெரிதாக்கி, கறுப்புத் துணியில் வெள்ளையாக அச்சடித்துவிட்டார்கள். கடை திறந்த அன்று வந்த படத்தைப் பார்த்தேன். சிவப்பு பஸ், நடு நெற்றியில் என் எழுத்து, கீழே வெள்ளைக்காரர்கள் வரிசை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எதிர்வீட்டு நர்ஸம்மாவிடம் காட்டினேன். அவர் வாசித்துவிட்டுச் சிரித்த மாதிரி இருந்தது. சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர் பஸ்ஸுக்குச் சாப்பிட வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் வாத்தியாராக இருந்தவராம். நெற்றியைப் பார்த்துவிட்டு, உதென்ன பிள்ளை, அறியாங்குப்பமோ, ஒண்டும் அறியாத சனம் இருக்கிற ஊரோ என்று சில்வியிடம் கேட்டிருக்கிறார். அவள் முழித்தாள். அவர் தன்மையாகத்தான் விளக்கியிருக்கிறார். பக்கத்து மேசையில் இருந்த நம்ம ஆட்கள் தன்மையாக இல்லை. படம் பிடித்து ஆளுக்கு ஆள் அனுப்பிவிட்டார்கள். அறியாங்குப்பத்து அம்மாவிடம் சட்னி கேளுங்கள் என்று ஒரே கேலி.

சில்விக்கு அழுகை. தமிழ் எழுத்து தெரியாதவள் என்று தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாள். துணியை எடுத்துவிட்டு வேறு அச்சடிக்கிறேன் என்றிருக்கிறாள். மல்லிகா, அதைத் தொட்டால் இனி பஸ்ஸில் காலே வைக்க மாட்டேன் என்றிருக்கிறாள். வைக்கவும் இல்லை. அம்மாவும் மகளும் பேச்சு வார்த்தை நிறுத்தி இரண்டு வாரமாகிவிட்டது. மல்லிகா வராத பஸ்ஸில் சாம்பாரும் சரியில்லை. சில்வி வைத்ததை வந்தவர்கள் சூப்பு என்று நினைத்து ஸ்பூனால் குடித்தார்கள் என்று தங்கை வீட்டுக்காரர் எனக்குப் போன் செய்து வருத்தப்பட்டார்.

“பெரியம்மா, நீங்களே சரியா எழுதிக் குடுத்துடுங்க. நீங்க எழுதினதுன்னா அம்மா ஒத்துக்குவாங்க” என்றாள் சில்வி. குரலே சரியில்லை.

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சோப்புக் காகிதத்தைத் தலைகீழாக ஒட்டியதற்கு ஒரு சூப்பர்வைசர்தான் திட்டினார். இதை ஒரு தேசமே நின்று பார்க்கிறது. அதைவிட, என் ஒரு எழுத்தால் ஒரு வீட்டில் அம்மாவும் மகளும் முகம் பார்க்காமல் இருக்கிறார்களே என்பதுதான் உறுத்தியது.

சரியான எழுத்தை யாரிடமாவது கேட்டிருக்கலாம். நர்ஸம்மாவிடம் கேட்க வெட்கம். பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பலகையைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம் என்று தாளும் பென்சிலுமாகப் போனேன். முதலில் வந்த பஸ்ஸில் சிவப்பு விளக்கு எழுத்துகள், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கின்றன. மெட்ராஸில் பஸ் ஓடியது, எழுத்து நின்றது. இங்கே பஸ் நிற்கிறது, எழுத்து ஓடுகிறது. எனக்கென்று அமைகிறது பாருங்கள். கண்டக்டர், ஏறும்மா, ஆத்துக்கு அந்தாண்டதான் என்றார். நான் ஏறவில்லை, படிக்க வந்தேன் என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினேன். மூன்றாவதாக வந்ததில் பெயின்ட் எழுத்து இருந்தது. பார்த்தேன். சின்ன ர. சந்தேகமே இல்லை, சின்னதிலும் சின்ன ர.

வீட்டுக்கு வந்து நாலு தாளைக் கிழித்து, ஐந்தாவதில் அழகாக எழுதி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் மல்லிகா போன் செய்தாள்.

“இது யாரு எழுதினது?”

“நாந்தாண்டி.”

“போர்டு பாத்து எழுதினது. ஒன் எழுத்து எனக்குத் தெரியாதா?”

நான் மாட்டிக்கொண்டேன். அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

“மல்லி, அது தப்புன்னு ஒனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“மொதக் கடுதாசிலேர்ந்து. எட்டாவது படிச்சவக்கா நானு.”

“அப்ப ஏண்டி இத்தினி வருசமா சொல்லல?”

அவள் மெதுவாகச் சொன்னாள்.

“டீச்சரு நாளைக்கு சொல்லித் தரேன்னு சொன்னாங்கன்னு சின்ன வயசுல நீதான் சொல்லியிருக்க. நாளைக்கு நீ போவல. என்னத் தூக்கி வச்சிக்கினு இருந்த. அது ஒன் தப்பில்லக்கா, என்னுது. நீ என்ன எறக்கி வுட்டியா? அதையும் எறக்கச் சொல்லாத.”

சாம்பாரைப் போய்ப் பாருடி, சூப்புன்னு குடிக்கிறாங்களாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அவள் மூக்கை உறிஞ்சியது கேட்டது.

முடிவு என்ன ஆயிற்று என்றால், துணி சுருள்தானே, இரண்டு பெயரையும் அதிலேயே சேர்த்து அச்சடித்துவிட்டார்கள். சில்வியின் புருஷன் மேலே இருந்த கைப்பிடியைக் கீழ்த்தட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். நம்ம ஆட்கள் சாப்பிட வந்தால் சில்வி சுற்றிச் சின்ன ர-வைக் கொண்டுவருவாளாம். அவள் தோசை வார்க்கத் திரும்பினால் மல்லிகா சுற்றிப் பெரிய ற-வைக் கொண்டுவருவாளாம். எனக்குத் தெரிந்து நகராமல் நின்றுகொண்டே ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஊர் மாறுகிற பஸ் அது ஒன்றுதான். புதுத் துணி வந்துவிட்டதால் பழைய லண்டன் துணி எனக்கு வந்தது. அதை இஸ்திரி மேசைக்குக் கொடுக்கவில்லை. என் பெட்டியில் வைத்திருக்கிறேன்.

டீச்சர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் இடித்துக் கட்டியாகிவிட்டது. தட்டாஞ்சாவடி சோப்புக் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ கிடங்கு. மெட்ராஸில் நாங்கள் ஏறிய பழைய மாடி பஸ் இப்போது இல்லை. புதிதாக விடப் போகிறார்கள் என்று சொல்கிறார்கள், நான் பார்க்கவில்லை. கடிதம் போய்விட்டது. அங்கே ஒரு மாடி பஸ் நிற்கிறது, மேலே முன்வரிசையும் இருக்கிறது. அவளால் படி ஏற முடியாது, என்னால் கடல் தாண்ட முடியாது. அந்த இரண்டு நாற்காலியிலும் யாரோ இரண்டு பேர் தினமும் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறார்கள். மரக்கிளை வந்தால் குனிகிறார்களா என்று சில்வியைக் கேட்டேன். பஸ் ஓடினால்தானே பெரியம்மா என்றாள்.

இதை வாங்கி அச்சுக்குக் கொடுக்கிறவர்கள் தயவுசெய்து எல்லாவற்றையும் ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள். மெட்ராஸ் பஸ்ஸில் படி எந்தப் பக்கம் வளையும் என்று நான் மறந்துவிட்டேன். பூ கனகாம்பரமா வேறா என்றும் நிச்சயமில்லை. சின்ன ர, பெரிய ற எங்கெங்கே மாற்ற வேண்டுமோ மாற்றிக்கொள்ளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊர்ப் பெயரை மட்டும் நான் எழுதியபடியே விட்டுவிடுங்கள். மல்லிகா படிப்பாள். சரியாக இருந்தால், யாரு எழுதினது என்று கேட்பாள்.